நிஹோங்கா: சொல்லும் பூனையும்

தகெயுச்சி செய்ஹோ (1864–1942) ஒரு விலங்கை வரைந்தால் அதன் வாடையும் வீசும் என்பார்கள். கியோத்தோக்காரர். இவரை 'ஜப்பானிய ஓவியர்' என்று எழுதினால் தவறில்லை, ஆனால் பாதிதான் சொன்னதாகும். அங்கே இவர் நிஹோங்கா ஓவியர்.

நிஹோன் என்றால் ஜப்பான், கா என்றால் ஓவியம். சேரும்போது ன் மெல்ல ங் ஆகிவிடும். தமிழில் 'ங்க' என்று எழுதினாலே ஒலி சரியாக வரும். கிரந்தம் வேண்டாதவர்கள் 'நிகோங்கா' எனலாம். சொல்லின் நடுவில் வரும் ககரத்தை நாம் எப்படியும் மெலிதாகத்தானே ஒலிக்கிறோம்?

பழஞ்சொல் போலத் தோன்றும். இல்லை. மெய்ஜி காலத்தில் (1868–1912) மேல்நாட்டு எண்ணெய் ஓவியம் வந்து இறங்கிய பிறகே, உள்ளூர்க் கலைக்கு இப்படி ஒரு பொதுப்பெயர் தேவைப்பட்டது. அதற்குமுன் கானோ, மாருயாமா என்று ஓவியப் பள்ளிகளின் பெயர்கள்தாம். 1882இல் அமெரிக்கரான எர்னஸ்ட் ஃபெனொலோசா டோக்கியோவில் ஆற்றிய உரை இச்சொல் பரவ வழிவிட்டது. எதிர்ச்சொல் 'யோகா', அதாவது மேல்நாட்டு ஓவியம். நம் ஆசனங்களுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நிஹோங்காவில் எண்ணெய் கிடையாது. கல்லைப் பொடித்த நிறம், சிப்பிச் சுண்ண வெள்ளை, மைக்கட்டி. ஒட்டுவதற்குத் தோல் பசை, நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, அதே இனம். 1924இல் செய்ஹோ நுமாசு ஊரில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வீட்டுப் பூனையைப் பார்த்து மயங்கி, தன் ஓவியம் ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிவந்து வரைந்தார். முதுகை நக்கிக்கொண்டிருந்த பூனை சட்டென்று நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. அந்தப் பச்சைக் கண்ணில் நீலக்கல், பச்சைக்கல் பொடியோடு பொன்னும் உண்டு. படம் இப்போது டோக்கியோவின் யமதானே அருங்காட்சியகத்தில்.

தமிழில் என்ன சொல்வது? 'ஜப்பானிய ஓவியம்' மிக அகலம். யோகாவும் அதற்குள் வந்துவிடும். 'மரபோவியம்' என்றால் பழையதை அப்படியே பெயர்த்தது போலாகும். செய்ஹோவோ 1900இல் ஐரோப்பா போய்த் திரும்பி, தன் பெயரின் முதல் எழுத்தையே 'மேற்கு' என்ற குறி உள்ளடங்கிய வேறொன்றாக மாற்றிக்கொண்டவர். அவருடைய சிங்கங்களும் அந்தப் பயணத்தில் விலங்குக்காட்சிச் சாலையில் பார்த்தவையே. ஆகவே என் தேர்வு 'ஜப்பானிய மரபுவழி ஓவியம்'. முதல்முறை நிஹோங்கா என்று எழுதி இதை அடைப்புக்குறியில் தரலாம். ஹொகுசாயின் அலை போன்ற மரக்கட்டை அச்சுப் படங்களுக்கு மட்டும் இச்சொல்லைப் போட வேண்டாம், அவை உகியோ-எ.