இங்கிலாந்து போகும் ஆச்சிமார்களுக்கு: தெருமுனை உப்புப் பெட்டி யாருக்கு?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து மார்கழி, தை மாதங்களில் பேரன் பேத்தியைப் பார்க்க இங்கிலாந்து போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். விடிந்ததும் வாசல் தெளிக்கும் பழக்கத்தை உறைபனி நாட்களில் அங்கே செய்யவே செய்யாதீர்கள். தெளித்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கண்ணுக்கே தெரியாத கண்ணாடித் தகடாக உறைந்துவிடும். வெந்நீர் ஊற்றினாலும் அதே கதிதான். வளவில் ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் கால் வைக்கவே பயப்படுகிற நமக்கு அது இடுப்பெலும்பை முறிக்கிற சமாச்சாரம்.

தண்ணீருக்குப் பதில் அங்கே உப்பு. மேடான தெரு, வளைவு, சந்திப்பு ஆகிய இடங்களில் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் மூடி போட்ட பெட்டி இருக்கும். திறந்தால் பழுப்பாக, மண் கலந்தாற்போல் உப்பு. நம் உப்பளத்து வெள்ளை உப்பு அல்ல. செஷையரில் வின்ஸ்ஃபோர்டு போன்ற சுரங்கங்களில் வெட்டி எடுக்கும் பாறை உப்பு. குல்ஃபி வண்டியில் பனிக்கட்டியோடு உப்பைக் கலப்பார்களே, அதே கணக்குதான்: உப்பு சேர்ந்த தண்ணீர் பூஜ்ய டிகிரியில் உறையாது. குளிர் மிகக் கடுமையானால் உப்பும் வேலை செய்யாது.

பெட்டியை வைப்பதும் நிரப்புவதும் உள்ளூர் கவுன்சில். சாலையைப் பழுதுபார்க்கும் கடமையில் பனிக்கட்டி அகற்றுவது சேராது என்று 2000-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அதன்பின் 1980 நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் 2003-இல் திருத்தம் வந்தது. உறைபனியால் ஆபத்து நேராமல், நியாயமாக முடிந்த அளவு பார்த்துக்கொள்வது இப்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாலை நிர்வாகத்தின் கடமை. ‘முடிந்த அளவு’ என்பதைக் கவனியுங்கள். எல்லாத் தெருவுக்கும் உப்பு வண்டி வராது. அதனால்தான் பெட்டி.

அந்த உப்பு தெருவுக்கு, வீட்டுக்கு அல்ல. மகன் கார் நிறுத்துகிற இடத்துக்கு அள்ளி வராதீர்கள். வீட்டு வாசலுக்குக் கடையில் வாங்கிய உப்பு போதும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. உப்பு இல்லையென்றால் மணலோ சாம்பலோ தூவினால் காலுக்குப் பிடி கிடைக்கும். செடி, புல்மேல் உப்பு விழ விடாதீர்கள், கருகிவிடும்.

நாம் சுத்தம் செய்த இடத்தில் யாராவது விழுந்தால் வழக்கு வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கவனமாகச் செய்தால் அதற்கு வாய்ப்பு குறைவு என்று அரசே தன் வழிகாட்டியில் சொல்கிறது. பெட்டி காலியாக இருந்தால் பிள்ளைகளிடம் சொல்லிக் கவுன்சில் இணையதளத்தில் பதியச் சொல்லுங்கள்.