காமா நிறமாலையா, அலைமாலையா?

'ஸ்பெக்ட்ரம்' என்பதைத் தமிழில் நிறமாலை என்கிறோம். வானவில்லுக்கு அழகாகப் பொருந்தும் சொல். ஆனால் 'காமா நிறமாலை' என்று எழுத வரும்போது எனக்குக் கை தயங்குகிறது. காமாக்கதிருக்கு ஏது நிறம்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் இரண்டு, மூன்று எலெக்ட்ரான் வோல்ட்தான் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு அது). அணுக்கருவிலிருந்து வரும் காமாக்கதிருக்கு அது பெரும்பாலும் ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் இருக்கும்.

மூலச் சொல்லிலும் நிறம் இல்லை. லத்தீனில் 'ஸ்பெக்ட்ரம்' என்றால் தோற்றம். 'பார்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்தது. முப்பட்டகம் பிரித்துக் காட்டிய ஒளிப்பட்டைக்கு 1672-இல் நியூட்டன் அந்தப் பெயரை வைத்தார். நிறம் அப்போது வந்து ஒட்டிக்கொண்டதுதான். ஸ்பெக்ட்ரத்தை ஆராயும் துறைக்குப் பெயரான 'ஸ்பெக்ட்ராஸ்கோபி'யின் பின்பாதி கிரேக்கம். அதற்கும் பார்த்தல் என்றே பொருள். இலங்கைப் பாடநூல்களில் ஸ்பெக்ட்ரத்துக்குத் 'திருசியம்' என்று பெயர். காணப்படுவது என்ற பொருளுள்ள வடசொல் அது, மூலத்துக்கு மிக நெருக்கமானது.

சரி, காமா ஸ்பெக்ட்ராஸ்கோபியில் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்? கனமான அணுக்கருவை மோதலால் உசுப்பினால் அது கூடுதல் ஆற்றலுள்ள கிளர்நிலைக்குப் போகும். (கிளர்ச்சி நிலை என்றும் எழுதுகிறார்கள், கலகம் நினைவுக்கு வருவதால் எனக்குக் கிளர்நிலையே பிடிக்கும்.) அப்புறம் படிப்படியாக இறங்கும். இறங்கும்போது வெளிவரும் காமாக்கதிரின் ஆற்றல், இரண்டு படிகளுக்கும் உள்ள வித்தியாசம். திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய ஜெர்மேனியம் உணர்கருவி ஒவ்வொன்றையும் அளந்து எண்ணும். திரையில் கிடைமட்டத்தில் ஆற்றல், செங்குத்தில் எண்ணிக்கை. அளவுகோலைச் சரிபார்க்க முதலில் காமாக்கதிர் வீசும் கோபால்ட்-60 வைத்தால், 1173, 1332 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் இரண்டு முகடுகள் ஊசிபோல எழும்பி நிற்கும். திரையில் எங்கும் வண்ணப்பட்டை கிடையாது.

யுரேனியம்-238-இன் கீழ்ப்படிகளுக்கு இடையே உள்ள வித்தியாசங்கள் ஏறத்தாழ 45, 103, 159, 211 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். இப்படிச் சீராகக் கூடிக்கொண்டே போவது, நீள்வட்டமாக இழுபட்ட கரு சுழல்கிறது என்பதற்கு அடையாளம். 1986-இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில் டிஸ்ப்ரோசியம்-152-ஐ ஆராய்ந்தபோது முகடுகள் ஏறக்குறைய 47 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் வரிசையாக வந்தன, நூலில் அளந்து கோத்த மணிகள் மாதிரி. அகலத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளமுள்ள கரு வேகமாகச் சுழன்றதன் தடயம் அது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு 'மாலை' என்ற பாதியை விட மனசு வராது. விட வேண்டியது நிறத்தைத்தான். அதற்குப் புதுச்சொல் தேடவும் வேண்டாம். 'மின்காந்த அலைமாலை' ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. காமாக்கதிரும் மின்காந்த அலைதானே? ஆகவே நான் காமா அலைமாலை என்றும், துறையைக் காமா அலைமாலையியல் என்றும் எழுதுகிறேன்.