ஒவ்வொரு ஆத்துக்கும் தனிக் கணக்கு வேணும்

மீன்வளத் துறையில வேலை பாக்குறதால என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி, ஆர்க்டிக்ல ஆளே கிடையாது, அங்க மீனுக்கு என்ன குறைனு. ஆள் இருக்காங்க. கனடாவோட வடக்கு ஓரத்துல இருக்குற நுனாவுட்ல, அங்கயே காலங்காலமா வாழ்ற இனுவிட் பூர்வகுடி மக்களுக்கு 'ஆர்க்டிக் சார்' (Arctic char)னு சால்மன் குடும்பத்து மீன் ஒண்ணு தினப்படி சாப்பாடு. ஆனா குளிர்ல மீன் ரொம்ப மெதுவாத்தான் வளரும், அதனால பிடிச்சு காலி பண்ண கொஞ்ச வருஷமே போதும்.

நுனாவுட்டோட விக்டோரியா தீவுல இருக்குற கேம்பிரிட்ஜ் பே ஊர்ல அப்படித்தான் ஆச்சு. 1960கள்ல வெளியூருக்கு விக்கறதுக்காக முதல்ல ஊர் பக்கத்து ஆத்துல பிடிச்சாங்க, சீக்கிரமே மீன் குறைஞ்சிருச்சு. அப்புறம் எக்கலுக் ஆத்துக்குப் போனாங்க. கோட்டாவை, அதாவது வருஷத்துக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம்ங்கிற அளவை, மொத்த ஏரியாவுக்கும் சேர்த்து ஒரே நம்பரா வெச்சதால, பிடிக்க சுலபமான இடத்துலயே திரும்பத் திரும்ப வலை விழுந்து, அங்கயும் பத்து வருஷத்துக்குள்ள சரிஞ்சது. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு ஆத்துக்கும் தனித்தனி கோட்டா வந்துச்சு.

ஏன் அப்படி வேணும்னா, இந்த மீன் குளிர்காலம் முழுக்க ஏரியில கிடக்கும், கோடை ஆரம்பத்துல ஐஸ் உடைஞ்சதும் கடலுக்கு இறங்கி ஒண்ணு ரெண்டு மாசத்துல வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமா தின்னுட்டு ஆகஸ்ட், செப்டம்பர்ல திரும்ப ஆத்துல ஏறும். முட்டை போடுறதும் வருஷா வருஷம் கிடையாது, நடுவுல சில வருஷம் இடைவெளி விடும். ஒரு ஆத்துல தாய் மீன் போச்சுன்னா அங்க மறுபடி தேறி வர ரொம்ப காலம் ஆகும்.

இப்ப வலைக்குப் பதிலா சில ஆத்துல குறுக்க தடுப்பு கட்டி, மேல ஏறி வர்ற மீனை உயிரோட ஒரு பட்டிக்குள்ள விட்டு பிடிக்கிறாங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச முறை இது. சின்ன மீனை அப்படியே மேல விட்டுடலாம், எண்ணிக்கையும் கையோட கிடைக்கும். மூடுபனியில சீப்ளேன் வரலைன்னாலும் மீன் தண்ணிக்குள்ள உயிரோட நிக்கும், பிளேன் வர்ற நேரம் பாத்து எடுத்து ஊர்ல மீனைப் பதப்படுத்துற பிளான்ட்டுக்கு அனுப்பலாம்.

இனுவிட் மக்களும் கனடா அரசும் போட்ட 1993 நுனாவுட் ஒப்பந்தப்படி இனுவிட் குடும்பங்களோட சாப்பாட்டுத் தேவைக்குத்தான் முதல் உரிமை, வியாபாரம் அதுக்கு அப்புறம்தான். உள்ளூர் வேட்டைக்காரர் சங்கமும் வனவிலங்கு மேலாண்மை வாரியமும் முடிவெடுக்குற இடத்துலயே உக்காந்திருக்காங்க. அதிகாரிங்க கணக்கு போட்டு முடிச்சுட்டு கடைசியில அபிப்ராயம் கேக்குறது எந்த ஊர்லயும் உருப்படாது, எந்த வருஷம் மீன் எப்ப ஏறுச்சு, உடம்பு மெலிஞ்சிருந்துச்சா, சதை நிறம் மாறுச்சானு முதல்ல பாக்குறது அந்த மீனை அறுத்து சமைக்கிறவங்கதான், அதனால கணக்கு ஆரம்பிக்கும்போதே அவங்க கூட இருக்கணும்.

டொரண்டோ மாதிரி ஊர்ல இருக்குற நம்ம ஆளுங்க கடையில ஆர்க்டிக் சார் பாத்தீங்கன்னா எங்கேர்ந்து வந்துச்சுனு கேளுங்க. ஐஸ்லாந்து மாதிரி இடத்துல பண்ணையில வளர்த்த மீன்தான் பெரும்பாலும் இருக்கும், அதுல தப்பில்ல. நுனாவுட் மீன் கிடைச்சா மட்டும் விலை கூடனு வெச்சுட்டு வந்துடாதீங்க, அந்த விலையில பிளேன் செலவும், பிளான்ட்ல வேலை பாக்குறவங்க சம்பளமும், கம்மியா பிடிச்சதுக்கான ஈடும் சேர்ந்தே இருக்கு.