பள்ளி இணைப்பு: சொல் விளக்கம்

மாணவர் எண்ணிக்கை குறைந்த அரசுப் பள்ளியை அருகிலுள்ள வேறொரு பள்ளியோடு சேர்த்து, ஒரே தலைமையாசிரியரின் பொறுப்பில் கொண்டுவருவதைப் ‘பள்ளி இணைப்பு’ என்கிறோம். ஆசிரியர்களின் பேச்சில் ‘மெர்ஜர்’ என்ற சொல்லும் அடிபடுகிறது. இதையொட்டி வரும் ‘பணிநிரவல்’ வேறு. அது உபரி ஆசிரியர்களைத் தேவையுள்ள பள்ளிகளுக்கு மாற்றுவதைக் குறிக்கும்.

‘மெர்ஜ்’ என்பதன் வேர் ‘மெர்கெரே’ என்ற இலத்தீன் வினை. அமிழ்த்துதல், மூழ்குவித்தல் என்பது அதன் பொருள். இங்கிலாந்தின் சொத்துச் சட்டத்தில், சிறிய உரிமை பெரிய உரிமைக்குள் அமிழ்ந்து தன் தனி இருப்பை இழப்பதற்கு மெர்ஜர் என்று பெயர். தமிழின் ‘இணை’யோ இரட்டையையும் ஒப்பையும் குறிப்பது; பக்தி இலக்கியத்தின் ‘இணையடி’ இரண்டு திருவடிகளையும் சேர்த்தே சொல்கிறது. இரண்டும் இருந்தால்தான் இணை. எனவே இரு பள்ளிகளும் தத்தம் இடத்திலேயே நடக்க, நிர்வாகம் மட்டும் ஒன்றாகுமானால் ‘நிர்வாக இணைப்பு’ என்பது பொருந்தும். ஒரு பள்ளியைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை மற்றொன்றுக்கு அனுப்புவதை ‘மூடிச் சேர்த்தல்’ என்றே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதையும் இணைப்பு என்று எழுதினால், ஊரார் இழப்பது என்னவென்று அவர்களுக்கே தெரியாமல் போகிறது.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் அரசுப் பள்ளிகளை இணைப்பதற்கென்று தனிப் பிரிவு இல்லை. ஆனால் அதன் 3ஆம் பிரிவு ‘அருகமைப் பள்ளி’யில் இலவசமாகப் படிக்கும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது, 6ஆம் பிரிவு அத்தகைய பள்ளியை அமைக்கும் கடமையை அரசின் மீதும் உள்ளாட்சியின் மீதும் சுமத்துகிறது. நடந்து செல்லும் தொலைவில், 5ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டர் என்பது விதிகள் வகுத்த எல்லை. கடினமான நிலப்பரப்பு, நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை ஆகியவற்றால் குழந்தைக்கு ஆபத்து உள்ள இடங்களில் இந்த எல்லையையும் குறைக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

சேர்வராயன் மலையில் இவ்விதியின் அருமை விளங்கும். ஏற்காடு ஒன்றியத்தின் மலைக்கிராமங்களில், வரைபடத்தில் கூப்பிடு தூரமாகத் தெரியும் பள்ளிக்குச் செல்ல, காப்பித் தோட்டத்தின் ஒற்றையடிப் பாதையில் ஓடை வரை இறங்கி மறுசரிவில் ஏற வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதை வழுக்கும். பனிமூட்டம் இறங்கினால் எதிரே காட்டெருமை நிற்பதும் தெரியாது. முதல் வகுப்புப் பிள்ளைக்கு அது வெறும் 1 கிலோமீட்டர் அன்று. ஆகையால் இங்கே எந்தப் பள்ளியையும் மூடிச் சேர்க்கும் முன், பிள்ளைகள் நடக்கும் பாதையையே மழைக்காலத்தில் நடந்து அளந்து, அத்தொலைவையும், வாகனமோ விடுதியோ எது ஏற்பாடு செய்யப்படுகிறது என்பதையும் ஆணையிலேயே எழுத வேண்டும்.