மானியமா, நல்கையா?

சென்னை ஆற்காடு சாலையில் மெட்ரோ தூண்களை ஒட்டிப் பேருந்து ஊரும்போது இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும்: "இதுக்கு சென்ட்ரல் கவர்மென்ட் மானியம் கொடுத்திருக்கு." மானியம் என்ற சொல் இங்கே பொருந்துமா?

வடமொழி 'மான்ய' என்பதிலிருந்து வந்தது மானியம். மதிக்கத்தக்கது என்பது மூலப்பொருள். கோயிலுக்கோ ஊர் ஊழியம் செய்தவருக்கோ மரியாதையாக, வரி நீக்கி விட்ட நிலத்தை மானியம் என்றார்கள். அரபு மூலமான இனாமும் ஏறத்தாழ இதே நிலம்தான். சோழர் கல்வெட்டுகளிலோ இதற்கு இறையிலி என்ற தமிழ்ச் சொல்லே இருக்கிறது. இறை என்றால் வரி. எவ்வளவு தெளிவான சொல்!

நிலம் போய்ப் பணம் வந்த பிறகும் மானியம் தங்கிவிட்டது. சட்டமன்றத்தில் துறைவாரியாக வைப்பது மானியக் கோரிக்கை. அது செலவுக்குக் கேட்கும் அனுமதி. சமையல் எரிவாயுவுக்கு வங்கிக் கணக்கில் விழுவதும் மானியம். அது விலையில் அரசு ஏற்கும் பங்கு. ஒரு திட்டத்துக்கென்று திரும்பக் கேட்காமல் அரசு தரும் தொகை இரண்டிலும் சேராது. அதற்கு நல்கை என்பதே சரியான சொல். நல்குதல் பழைய வினை. குறுந்தொகையில் 'நல்கலும் நல்குவர்' என்று வருகிறது; அங்கே அன்பு செய்வதைக் குறிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவை நல்கைக் குழு என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதுவே பிடிக்கும்.

சரி, மெட்ரோவுக்கு வருவோம். இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, செலவில் ஏறத்தாழ 65 விழுக்காடு மத்திய அரசு வழியாக வரும் என்று அறிவித்தார்கள். அந்தப் பங்கைப் பிரித்துப் பாருங்கள். 33,593 கோடி கடன். 7,425 கோடி பங்கு மூலதனமும் சார்நிலைக் கடனும், அதாவது மற்றக் கடன்களைக் கட்டிய பிறகு திருப்பித் தரும் கடனும். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியது சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம். பங்கு மூலதனம் போட்டவர் அந்த நிறுவனத்தில் உரிமையாளர் ஆகிறார். இதில் எதையும் நல்கை என்று சொல்ல முடியாது, மானியம் என்றும் சொல்ல முடியாது.

அப்புறம் நல்கை எங்கே இருக்கிறது? தனியார் கூட்டில் போடும் சாலை போன்ற திட்டங்களில், சுங்க வருமானம் செலவை ஈடுகட்டாத இடத்தில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 2006 முதல் மத்திய அரசு திட்டச் செலவில் 20 விழுக்காடு வரை தருகிறது. அது திரும்பப் போகாத பணம்.