கியூபிட்டைக் கசியவிடாத துடிப்பு

குவாண்டம் கணினியில் 0, 1 என்ற தகவலைத் தாங்கும் அடிப்படை அலகே கியூபிட். மீக்கடத்திக் குவாண்டம் கணினிகளில் பெரிதும் பயன்படும் கியூபிட்டுக்கு டிரான்ஸ்மான் என்று பெயர். 2007இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த வடிவமைப்பு அது. அதை 0 நிலையிலிருந்து 1க்கு ஏற்ற, சுமார் 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு மைக்ரோவேவ் துடிப்பை அனுப்புகிறார்கள். ஆனால் டிரான்ஸ்மானுக்கு 1க்கு மேலும் 2, 3 என்று படிகள் உண்டு. 1இலிருந்து 2க்குத் தாவத் தேவையான அதிர்வெண், முதல் தாவலுக்கு உரியதைவிட 200, 300 மெகாஹெர்ட்ஸ்தான் குறைவு. இந்தச் சிறு இடைவெளியை நம்பித்தான் அதைக் கியூபிட்டாகவே பயன்படுத்த முடிகிறது.

துடிப்பு நீளமாக இருந்தால் கவலையில்லை; அதன் ஆற்றல் ஒரே அதிர்வெண்ணைச் சுற்றிக் குவிந்திருக்கும். ஆனால் பல சிப்புகளில் கியூபிட்டின் நிலை 100 மைக்ரோநொடி அளவில் சிதையத் தொடங்கிவிடுகிறது. அதற்குள் எத்தனையோ செயல்களை முடித்தாக வேண்டும். துடிப்பை 20 நானோநொடி அளவுக்குச் சுருக்கினாலோ அதன் அதிர்வெண்கள் அகலமாகப் பரவுகின்றன. பரவலின் ஓரம் இரண்டாம் தாவலைத் தொட்டால், கியூபிட் 2ஆம் நிலைக்குக் கசிந்துவிடும். பிழைகளில் மிகவும் தொல்லையானது இதுவே என்பேன். வழக்கமான பிழைதிருத்தக் குறியீடுகள் 0, 1 என்ற இரு நிலைகளுக்குள் நேரும் பிழைகளுக்காகவே வகுக்கப்பட்டவை. கசிந்த கியூபிட் அங்கேயே தங்கி, பக்கத்துக் கியூபிட்டுகளையும் கெடுக்கக்கூடும்.

2009இல் மோட்சோய், கேம்பெட்டா, ரெபென்ட்ராஸ்ட், வில்ஹெல்ம் ஆகிய நால்வரும் இதற்கு ஒரு தீர்வு சொன்னார்கள். 'டிராக்' எனப்படும் அந்த முறைக்குச் சிப்பில் எந்த மாற்றமும் வேண்டாம். மணிவடிவத் துடிப்போடு, கட்டம் (அலை தன் சுழற்சியில் இருக்கும் இடம்) 90 பாகை தள்ளிய இன்னொன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதன் வடிவம் முதல் துடிப்பின் வகைக்கெழு, அதாவது அது மாறும் வேகம்: முதலாவது ஏறும்போது நேர்மம், உச்சியில் சுழி, இறங்கும்போது எதிர்மம்.

இதன் அழகு கணக்கில் இருக்கிறது. வகைக்கெழுவின் அதிர்வெண் பரவல் நடுவில் சுழியாகி, விலக விலக முதல் துடிப்போடு ஒப்பிடுகையில் வளர்ந்துகொண்டே போகும். எனவே 0–1 தாவலை அது தொடுவதில்லை. அதன் அளவை முடிவுசெய்யும் குணகத்தைச் சரியாக அமைத்தால், 1–2 தாவலின் அதிர்வெண்ணில் முதல் துடிப்பை முற்றிலும் அழித்துவிடும். மறுபக்கம் அதே தொலைவில் இரண்டும் கூடி இரட்டிப்பாகும்; அங்கே தாவுவதற்குப் படி இல்லாததால் பாதகமில்லை.

நடைமுறை இவ்வளவு சுத்தமானதல்ல. வலுவான துடிப்பு கியூபிட்டின் அதிர்வெண்ணையே சற்று நகர்த்துவதால், 0, 1 நிலைகளுக்கு இடையிலான கட்டம் பிசகும் கட்டப்பிழையும் சேர்ந்துகொள்கிறது. அதைக் கண்டுபிடிக்க, கியூபிட்டை 180 பாகை திருப்பி உடனே எதிர்த்திசையில் திருப்பும் துடிப்பு இணையைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பிழை பெருகி வெளிப்பட்டுவிடும். ஒரே குணகத்தால் கசிவையும் கட்டப்பிழையையும் ஒருசேரத் தீர்க்க முடிவதில்லை. அதனால் குணகத்தைக் கசிவுக்கென ஒதுக்கிவிட்டு, கட்டத்தைச் சரிசெய்யத் துடிப்பின் அதிர்வெண்ணைச் சிறிது விலக்கி வைக்கிறார்கள்.