கீழமிழ்வு: 'சப்டக்சன்' என்பதற்குரிய தமிழ்ச்சொல்

புவித்தட்டுகள் இரண்டு ஒன்றையொன்று நெருங்கும் எல்லையில், அடர்த்தி மிகுந்த கடலடித் தட்டு மற்றதன் அடியில் வளைந்து இறங்கி, மேன்டில் எனப்படும் கவசப் பகுதிக்குள் செல்வதே சப்டக்சன். மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் புவியியலை மலாய்மொழியில் பயிலும் நம் மாணவர்களுக்கு இது 'சுப்டுக்சி' என்றே அறிமுகமாகிறது. இதற்குத் தமிழில் கீழமிழ்வு என்னும் சொல் உண்டு. அது வெறும் மொழிபெயர்ப்பாக நின்றுவிடாமல் நிகழ்வின் இயல்பையும் சரியாகக் காட்டுகிறது என்பதே என் கருத்து.

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். 'சப்' என்றால் கீழ். 'டூக்கெரே' என்றால் இட்டுச்செல்லுதல். பழைய ரோமானியரின் நீர்க்கால்வாயைக் குறிக்கும் 'அக்வடக்ட்' என்னும் சொல்லிலும் இதே வேர் உள்ளது. ஆல்ப்ஸ் மலையின் பாறை அடுக்குகளை ஆராய்ந்த ஆம்ஸ்டுட்ஸ் 1951இல் இச்சொல்லை நிலவியலில் பயன்படுத்தினார். தட்டுக் கொள்கை வேரூன்றிய பின், 1970 அளவில், அது இன்றைய பொருளில் நிலைபெற்றது. சொல் நிலைபெறும் முன்பே நிகழ்வின் தடயம் தெரிந்திருந்தது: கடலடியின் ஆழ்ந்த நீள்பள்ளங்களான அகழிகளிலிருந்து கண்டத்தின் அடிநோக்கிச் சரிவாக இறங்கும் நிலநடுக்க மையங்களின் வரிசையை ஜப்பானில் வடாத்தியும் அமெரிக்காவில் பெனியாஃபும் முன்னரே எடுத்துக்காட்டியிருந்தனர்.

இலத்தீன் வேரின்படி பார்த்தால், தட்டு கீழே 'இட்டுச்செல்லப்படுகிறது'. அதாவது வேறொன்று அதைச் செலுத்துகிறது. தமிழோ இவ்விடத்தில் தன்வினையா பிறவினையா என்று தெளிவாகச் சொல்லச் செய்யும் மொழி. தானே இறங்கினால் அமிழ்தல். பிறிதொன்று இறக்கினால் அமிழ்த்துதல். அறிவியல் தரும் விடை தன்வினையின் பக்கமே சாய்கிறது. கடல்நடு முகட்டில் பிறந்து விலகிச்செல்லும் தட்டு, காலப்போக்கில் குளிர்ந்து அடர்த்தி கூடுகிறது; ஆழத்தின் அழுத்தத்தில் அதன் எரிமலைப்பாறை மேலும் கனத்த பாறையாக மாறுகிறது; இவ்வாறு இறங்கும் பகுதி தன் எடையாலேயே பின்னுள்ள தட்டையும் இழுக்கிறது. 1975இல் ஃபோர்சைத், உயேடா ஆகிய இருவரும் தட்டுகளின் வேகங்களை ஒப்பிட்டு, விளிம்பில் பெரும்பகுதி அமிழ்ந்துகொண்டிருக்கும் தட்டுகளே விரைந்து நகர்கின்றன என்று காட்டினர். ஆகவே கீழ்ச்செருகல், உட்செலுத்தம் போன்ற பிறவினைச் சொற்கள் பொருந்தமாட்டா. அமிழ்தலே கீழ்நோக்கியதுதானே, 'கீழ்' எதற்கு என்று கேட்கலாம். இன்னொரு தட்டின் அடியில் என்பதைச் சொல்ல அது தேவைப்படுகிறது.

பிறவினை உண்மையில் வேண்டப்படும் இடம் வேறு. இரு தட்டுகளும் உரசும் முகம் பூட்டிக்கொண்டிருக்கும் காலமெல்லாம், அமிழும் தட்டு மேல்தட்டின் விளிம்பையும் தன்னோடு இழுத்து அமிழ்த்துகிறது. பூட்டு விடுபடும்போது அவ்விளிம்பு மேலெழுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவிலிருந்து அந்தமான் வரை ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்கு இப்படி விடுபட்டபோது, சிமெலுவே தீவின் ஒரு பகுதி 1 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. கடலடி உயர்ந்ததால் எழுந்த ஆழிப்பேரலை பத்து பெரிங்கியையும் பாலிக் பூலாவ் பக்கத்துக் கரைகளையும் தாக்கி, பினாங்கில் மட்டும் 50க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அத்துயரத்தை அறிந்த ஊரில் இச்சொல் துல்லியமாக வழங்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

கூட்டாய்வுகளில் இத்துல்லியம் இன்னும் கூடுதலாக வேண்டும். தட்டு எல்லையை எந்த ஒரு துறையும் தனித்து ஆராய்ந்துவிட முடியாது. அமெரிக்காவின் ஜியோபிரிஸம்ஸ் திட்டம் அலாஸ்கா, கஸ்கேடியா, நியூசிலாந்து எனச் சில களங்களைத் தேர்ந்து, நிலநடுக்கவியலாரும் புவிவேதியியலாரும் நிலஅளவையாளரும் ஒரே இடத்தில் உழைக்க வழிசெய்தது. அவர்களுக்குள் ஒரே சொல் வெவ்வேறு காட்சிகளை எழுப்பும்: முதலாமவருக்கு அது பூட்டிய முகம், அடுத்தவருக்குப் பாறையிலிருந்து பிரியும் நீர், மூன்றாமவருக்கு ஆண்டுக்குச் சில செ.மீ. நகர்வு. 2016இல் ஜாய்டிஸ் ரெசொல்யூஷன் கப்பல் சுமாத்திராவுக்கு மேற்கே துளையிட்டு, இமயமலையிலிருந்து வந்து படிந்த வண்டலை எடுத்தது. அவ்வண்டலின் கனிமங்கள் தம்முள் கட்டுண்ட நீரை அகழியை அடையும் முன்னரே இழந்து இறுகியிருந்தன என்பதும், பூட்டு விடுபடும்போது தட்டுகள் அகழிக்கு அருகில் வரை பெருமளவு நழுவ அதுவே இடமளித்திருக்கலாம் என்பதும் அவ்வாய்வின் முடிவு. நீரிழப்பு கீழமிழ்வுக்கு முன்னா, பின்னா என்பதே அங்கு வினா. ஆதலால் கூட்டுத் திட்டத்தின் சொற்பட்டியலில் கீழமிழ்வு எங்கே தொடங்குகிறது என்பதும் வரையறுக்கப்பட வேண்டும். அகழி செல்லும் கோட்டினைத் தொடக்கமாகக் கொள்வது தெளிவானது.

நம் தீபகற்பத்திலும் இச்சொல்லுக்கு வேலை உண்டு. கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் சென்றால் வரும் பெந்தோங், அதற்கு வடக்கேயுள்ள ரவுப் ஆகிய ஊர்களின் பெயரால் அழைக்கப்படும் பெந்தோங்–ரவுப் பொருத்து, தொல்கடலொன்றின் அடித்தரை கீழமிழ்ந்து தீர்ந்தபின் இரு நிலத்துண்டுகள் மோதி இணைந்த இடமாகும். கடலடிப் பாறைகளில் சில கீழமிழாமல் அங்கே நிலத்தில் ஏறி எஞ்சியுள்ளன. கீழமிழ்வுக்கு எதிரான, 'ஒப்டக்சன்' எனப்படும் அந்நிகழ்வுக்கு மேலேற்றம் என்பதைவிட, தட்டு மோதலால் நேர்வதாகையால், மேலேற்றுகை என்னும் பிறவினையே ஏற்றது.